அலுவலகத்துக்குக் காப்பி வந்த வழி

அலுவலகமொன்றில் காப்பி இயந்திரம் வைப்பது என்று முடிவாகிவிட்டால் அடுத்து நடப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கப்படும். ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாராகும். மாத வாடகை எவ்வளவு, ஒரு கோப்பையின் அடக்க விலை என்ன, மாதந்தோறும் குறைந்தது எத்தனை கிலோ தூள் எடுத்தாக வேண்டும், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று கட்டங்கள் நிரப்பப்படும். எல்லாவற்றிலும் குறைந்த தொகை காட்டியவருக்கு ஒப்புதல் வழங்கப்பட்டு, கோப்பு மூடப்படும்.

இதில் வரலாறு எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த அட்டவணையில் இடம்பெறாத இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. வரலாறு அங்கேதான் இருக்கிறது. ஊழியர் காப்பி குடிக்கும் நேரம் யாருடைய கணக்கில் சேரும் என்பது ஒன்று. அந்தக் காப்பியைக் கலந்து கொடுப்பவர் யாருடைய ஊழியர் என்பது மற்றொன்று. இவ்விரண்டு கேள்விகளுக்காகவும் மனிதர்கள் வழக்கு மன்றம் ஏறியிருக்கிறார்கள், சங்கம் அமைத்திருக்கிறார்கள், வேலையை இழந்தும் மீண்டும் பெற்றும் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி இந்தியாவில் நெடுங்காலம் அலைந்தது. இரண்டுக்கும் முன்பாக, இயந்திரம் பிறந்த இத்தாலியிலிருந்து தொடங்குவதே முறை.

ஆவியும் அவசரமும்

1884ஆம் ஆண்டில் தூரின் நகரில் நடந்த பொருட்காட்சியில் ஆஞ்செலோ மொரியோந்தோ என்பவர் நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். அவர் விடுதியும் மதுக்கூடமும் நடத்தியவர். காப்பி வடியும்வரை வாடிக்கையாளர் காத்திருப்பது அவருக்குத் தொழில் நட்டம். ஆகவே ஒரே நேரத்தில் பல கோப்பைகளுக்கான காப்பியை மொத்தமாக இறக்கும் வகையில் அதை அமைத்தார். ஆனால் அதை விற்பனைப் பொருளாக்கவில்லை. தம்முடைய கடைகளுக்காகச் சிலவற்றைச் செய்துகொண்டதோடு நின்றுவிட்டார்.

1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா, ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே, கேட்டவர் கண்ணெதிரிலேயே காப்பி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஒரு பட்டறை முதலாளி என்றும், தம் தொழிலாளர்கள் காப்பிக்காகச் செலவிடும் நேரத்தைக் குறைக்கவே இதைச் செய்தார் என்றும் ஒரு கதை காப்பி வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கதை எந்த அளவுக்கு உண்மையாயினும், அது இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இயந்திரத்தை வாங்கும் முதலாளியின் மனத்தில் ஓடும் கணக்கை அது நேராகச் சொல்லிவிடுகிறது. பெசேராவின் காப்புரிமையை தெசிதேரியோ பவோனி வாங்கி, 1905 முதல் வணிக அளவில் தயாரித்தார். 1938இல் அக்கீலே காஜியா நீராவியைக் கைவிட்டு, அழுத்தத்தால் வெந்நீரைத் தூளினூடே செலுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். போருக்குப் பின் வந்த அவருடைய நெம்புகோல் இயந்திரமே இன்று நாம் எஸ்பிரெஸோ என்றறியும், மேலே பொன்னிற நுரை படர்ந்த காப்பியைத் தந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இயந்திரங்கள் எதுவும் மனிதரை நீக்கவில்லை என்பதுதான். தூளின் அளவும், அதை அழுத்தும் பதமும், நெம்புகோலை இழுக்கும் கணக்கும் அறிந்த ஒருவர் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. இயந்திரம் அவருக்குக் கருவி. அவருக்கு மாற்று அன்று. ஆளே இல்லாமல் காப்பி தரும் இயந்திரம் 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. நாணயத்தைப் போட்டால் கோப்பை விழும், காப்பி நிரம்பும். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் அதை விரும்பி வாங்கின. ஊழியர் வெளியே போக வேண்டியதில்லை. கலந்து தர ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதும் இல்லை.

பதினைந்து நிமிடம் யாருடையது?

அதே காலத்தில் அந்நாட்டில் காப்பி இடைவேளை என்ற வழக்கமும் வேரூன்றியது. 1952இல் லத்தீன் அமெரிக்கக் காப்பி நாடுகளின் விற்பனை அமைப்பான பான் அமெரிக்கன் காப்பி பீரோ, இந்த இடைவேளையை முன்னிறுத்திப் பெரும் விளம்பரம் செய்தது. காப்பி விற்பவர்களுக்கு அது விற்பனைத் தந்திரம். தொழிலாளருக்கோ, நாளின் நடுவே மூச்சு விடக் கிடைத்த இடம். ஆனால் சட்டம் இதை எவ்வாறு பார்க்கும் என்பது தெளிவாக இருக்கவில்லை.

அதைத் தெளிவாக்கியவர்கள் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் கழுத்துப்பட்டி நெய்த பெண்கள். பில் கிரைனெட்ஸ் என்பவர் நடத்திய லாஸ் விக்வாம் வீவர்ஸ் என்ற நெசவுக்கூடம் அது. இரண்டாம் உலகப் போரின்போது, தறியில் இருந்த இளைஞர்கள் போருக்குப் போய்விட்டார்கள். முதலில் முதியவர்களை அமர்த்திப் பார்த்தார் கிரைனெட்ஸ். நுணுக்கமான நெசவு அவர்கள் கைக்கு வரவில்லை. நடுவயதுப் பெண்களை அமர்த்தினார். வேலை நேர்த்தியாக வந்தது. ஆனால் நாள் முழுவதும் தறியில் நின்று அவர்கள் சோர்ந்துபோனார்கள். என்ன செய்யலாம் என்று அவர்களையே கூட்டி வைத்துக் கேட்டார். காலையில் ஒரு பதினைந்து நிமிடமும் மாலையில் ஒரு பதினைந்து நிமிடமும் ஓய்வு வேண்டும், காப்பியும் தேநீரும் வேண்டும் என்றார்கள். இடைவேளை வந்தது. சோர்வு நீங்கியது, நெசவும் கூடியது.

பலனைக் கண்ட கிரைனெட்ஸ் இடைவேளையைக் கட்டாயமாக்கினார். அதே சமயம் அந்த அரைமணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் கொள்ளவும் மறுத்தார். வேலை செய்யாத நேரத்துக்குக் கூலி எதற்கு என்பது அவர் தரப்பு. குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கத் தொழிலாளர் துறை வழக்குத் தொடுத்தது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இடைவேளையால் தொழிலாளருக்கு நன்மை உண்டுதான். ஆனால் விளைச்சல் கூடியதால் முதலாளிக்கும் அதே அளவு நன்மை இருக்கிறது. ஆகவே அது வேலை நேரமே, அதற்குக் கூலி உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் ஐந்து முதல் இருபது நிமிடம் வரையிலான சிற்றோய்வு வேலை நேரத்தில் சேரும் என்று அந்நாட்டு அரசு விதியாகவே எழுதிவைத்தது. அவ்விதி இந்த வழக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

காப்பி எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்த இயந்திரத்தில் வடிந்தது என்பனவெல்லாம் அந்தப் பெண்களுக்கு இரண்டாம்பட்சம். கோப்பையைக் கையில் பிடித்திருக்கும் பதினைந்து நிமிடம் தம் கூலியிலிருந்து கழிகிறதா இல்லையா என்பதே அவர்கள் கேள்வி. விலைப்புள்ளிகளில் ‘ஊழியர் நேரம் மிச்சமாகும்’ என்ற வாசகத்தைக் காணும்போதெல்லாம் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரம் ஊழியருக்கு ஓய்வாகத் திரும்புகிறதா, நிர்வாகத்தின் பெட்டிக்குப் போகிறதா என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை.

பலகையும் பணியாளரும்

இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்தில், காப்பியின் கதை வேறொரு முடிச்சிலிருந்து தொடங்குகிறது. இங்கே நேரத்துக்கு முன்பாகச் சாதி வந்து நின்றது. காப்பி எவ்வாறு தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக உருவெடுத்தது, தேநீர் எவ்வாறு உழைப்பாளரின் பானமாகப் பிரிந்து நின்றது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. நம் பொருளுக்கு வேண்டியது ஒரு செய்திதான்: காப்பி கிளப்பில் யார் கலக்கிறார், யார் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார் என்பவை சுவையைவிடப் பெரிய கேள்விகளாக இருந்தன. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் முடிவுக்கு வந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பாக, பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் சென்று கைதானார்கள்.

அதே 1957இல் காப்பி பரிமாறியவர்களின் வாழ்வில் மற்றொரு திருப்பம் நிகழ்ந்தது. உள்நாட்டில் காப்பி குடிக்கும் வழக்கத்தைப் பெருக்குவதற்காக 1930களில் காப்பி வரிக் குழு கடைகள் திறக்கத் தொடங்கியது; பின்னர் காப்பி வாரியம் அவற்றை ஏற்று நடத்தியது. அவைதாம் இந்தியா காபி ஹவுஸ்கள். 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்தது. பணியாளர்கள் நடுத்தெருவுக்கு வரும் நிலை. அப்போது பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலன், மூடப்படும் கடைகளைப் பணியாளர்களே ஏற்று நடத்தட்டும் என்ற யோசனையை முன்வைத்து உடன் நின்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அக்டோபரில் தில்லியில் பணியாளர்களின் முதல் காபி ஹவுஸ் திறந்தது. கேரளம், புதுச்சேரி என்று பிற இடங்களிலும் சங்கங்கள் தோன்றின. கோப்பை கழுவியவரும் தலைப்பாகை கட்டிப் பரிமாறியவரும் உரிமையாளரானார்கள். இந்தியாவில் காப்பி வழங்கும் நிறுவனங்களின் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு வேறில்லை என்பது என் எண்ணம்.

கான்டீன்காரர் யாருடைய ஆள்?

அலுவலகத்துக்குள் இருந்த கான்டீன் ஊழியருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 250 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் உணவகம் அமைக்க விதி செய்யலாம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. எழுத்தர்களும் அதிகாரிகளும் நிறைந்த அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆனாலும் பெரிய அலுவலகங்களில் கான்டீன் இருந்தது. இடமும் தண்ணீரும் மின்சாரமும் பாத்திரமும் நிர்வாகம் கொடுக்கும். நடத்துவது ஒரு குழுவாகவோ, ஊழியர் கூட்டுறவுச் சங்கமாகவோ, ஒப்பந்தக்காரராகவோ இருக்கும். பதினோரு மணிக்கும் மூன்றரை மணிக்கும் தட்டு ஏந்தி வரும் மனிதருக்கு, எந்த மேசைக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு டிகாஷன் தூக்கலாக வேண்டும், மேலாளரின் கோப்பைக்கு அடியில் சாஸர் வைக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அலுவலகத்தின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இராது.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1990இல் எம். எம். ஆர். கான் வழக்கில் இரயில்வே கான்டீன் ஊழியர்கள் இரயில்வேயின் ஊழியராக ஏற்கப்பட்டனர். 1995இல் பரிமள் சந்திர ராஹா வழக்கு வந்தது. கல்கத்தாவிலுள்ள ஆயுள் காப்பீட்டுக் கழக அலுவலகங்களின் கான்டீன் ஊழியர்கள் தொடுத்த வழக்கு அது. ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஊழியர்கள் மாறவில்லை. கான்டீன் நடத்தச் சட்டம் கழகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆயினும் இத்தனை ஆண்டுகள் இடமும் வசதியும் தந்து தொடர்ந்து நடத்தியதால் அது பணி நிபந்தனையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது என்று கண்ட நீதிமன்றம், அவர்கள் கழகத்தின் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. நெடுநாள் காப்பி கொடுத்த கைக்கு அன்று ஒரு முகவரி கிடைத்தது.

அந்த வாசல் பின்னர் அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கவில்லை. 1999இல் இந்தியப் பெட்ரோகெமிக்கல்ஸ் வழக்கில், சட்டப்படி அமைந்த கான்டீனாக இருப்பினும் அதன் ஊழியர் தொழிற்சாலைச் சட்டத்தின் தேவைகளுக்கு மட்டுமே நிறுவனத்தின் ஊழியராகக் கருதப்படுவார், எல்லாவற்றுக்கும் அன்று என்று நீதிமன்றம் பிரித்துக் கூறியது. 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடமாட்டார் என்று அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வழக்கிலும் உறவின் உண்மைத் தன்மையைத் துருவிப் பார்க்க வேண்டும் என்றானது. துருவிப் பார்க்கச் செலவாகும், ஆண்டுகளும் ஆகும். கான்டீன்காரருக்கு இரண்டும் எளிதல்ல.

பொத்தானை அழுத்தினால்

இதே ஆண்டுகளில்தான் பொத்தான் இயந்திரம் நம் அலுவலகங்களுக்குள் வந்தது. 1990களில் காப்பிச் சந்தை மீதான வாரியத்தின் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. விவசாயி தம் விளைச்சலைத் தாமே விற்கலாம் என்றானது. தனியார் நிறுவனங்கள் தோட்டத்திலிருந்து கோப்பை வரை நீண்டன. 1996இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் முதல் கஃபே காபி டே திறந்தது. மென்பொருள் அலுவலகங்கள் பெருகின. அவற்றின் நடைபாதைகளில் பால்பொடி, சர்க்கரை, உடனடிக் காப்பித்தூள் மூன்றும் கலந்த கலவையை வெந்நீரில் கரைத்துத் தரும் பெட்டிகள் நின்றன. தேவைக்கேற்பக் கொட்டையை அங்கேயே அரைத்து இறக்கும் விலையுயர்ந்த வகைகள் பின்னால் வந்தன.

இந்தத் தொழிலின் உள்கணக்கை அறிந்துகொள்வது நல்லது. பெட்டியை விற்பதில் பெரிய ஆதாயம் இல்லை. தூளைத் தொடர்ந்து விற்பதில்தான் ஆதாயம். ஆகவே இயந்திரத்தைக் குறைந்த வாடகைக்கோ, வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு வாடகையில்லாமலோ கொடுத்து, மாதம் இவ்வளவு தூள் வாங்கியே தீர வேண்டும் என்று எழுதி வாங்குவார்கள். அவர்கள் தூளை மட்டுமே அதில் போட வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். விடுமுறை மாதத்திலும் அந்தக் குறைந்த அளவு உண்டா, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன ஆகும் என்பவற்றைக் கையொப்பத்துக்கு முன்பு கேட்பதே அறிவுடைமை. ‘இலவச இயந்திரம்’ என்ற சொல்லை அதற்குப் பிறகு படித்தால் அதன் விலை விளங்கும்.

இயந்திரத்தின் நன்மைகளை மறைத்துவிட்டு எழுதுவதும் முறையாகாது. அது சாதி கேட்பதில்லை. மேலாளருக்குச் சாஸரும் கடைநிலை ஊழியருக்குக் கண்ணாடித் தம்ளரும் என்று பிரிப்பதில்லை. முரளி கபேயின் வாசலில் கைதானவர்களின் கண்ணுக்கு, அதிகாரியும் எழுத்தரும் ஒரே வரிசையில் நின்று தம் கோப்பையைத் தாமே எடுத்துக்கொள்ளும் காட்சி மகிழ்ச்சியளித்திருக்கும். இரவுப் பணியில் இருப்பவருக்கு மூன்று மணிக்கும் சூடாக ஒன்று கிடைக்கிறது. இவை சிறிய பேறுகள் அல்ல.

ஆனால் ஆளில்லாத இயந்திரம் என்று ஒன்று கிடையாது. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார், அவ்வளவே. காலையில் தூள் நிரப்புபவர், தண்ணீர்க் குடுவையைத் தூக்கி மாட்டுபவர், குழாயில் அடைத்த பால்படலத்தைக் கழுவுபவர், கசிந்து தேங்கிய தட்டைத் துடைப்பவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர் துப்புரவு ஒப்பந்தத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் வந்த பெண். பரிமள் சந்திர ராஹா வழக்கில் வென்றவர்களுக்குக் கான்டீன் என்றொரு இடமாவது இருந்தது. தாம் அங்கே இத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. இந்தப் பெண் சுட்டிக்காட்டுவதற்குச் சுவரோரம் ஒரு பெட்டிதான் இருக்கிறது. அதுவும் வாடகைப் பெட்டி. நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுக்கு முன் கேட்கப்பட்ட கேள்விக்கு இயந்திரம் விடை சொல்லவில்லை. கேள்வியைக் கேட்கவே இடமில்லாமல் செய்துவிட்டது.

அட்டவணையில் சேர்க்க வேண்டியவை

இயந்திரம் வேண்டாம் என்பதன்று இக்கட்டுரையின் முடிவு. டபரா தம்ளரின் மீதுள்ள ஏக்கத்தில் எழுதியதும் அன்று. விலைப்புள்ளி ஒப்பிடும் குழுக்களில் அமர நேரும் நண்பர்கள், வழக்கமான கட்டங்களோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே வேண்டுகோள்.

இயந்திரத்தை நாள்தோறும் கழுவுபவர் யார், அந்த வேலைக்கு அவருக்குத் தனியே ஊதியம் உண்டா, அல்லது இருக்கிற வேலையோடு சேர்த்துச் சுமத்தப்படுகிறதா என்று ஒரு கட்டம். இதுவரை காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவர் என்ன ஆவார் என்று ஒரு கட்டம். அவரையே இயந்திரத்தின் பொறுப்பாளராக்க முடியுமானால் அதுவும் ஒரு விலைப்புள்ளிதான். அருகில் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ இருந்தால், அவர்களிடமும் விலை கேட்டோமா என்று ஒரு கட்டம். இயந்திரத்தோடு வரும் காகிதக் கோப்பையின் உள்ளே நெகிழிப் பூச்சு இருக்கிறதா என்று ஒரு கட்டம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து அத்தகைய கோப்பைகளுக்குத் தடை உண்டு. சட்டத்தையும் பார்க்க வேண்டும்: 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கான்டீனுக்கான எண்ணிக்கையை 100 பேர் என்று குறைத்ததோடு, ஒப்பந்தத் தொழிலாளரையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. சுவரோரப் பெட்டி கான்டீனுக்கு ஈடாகாது.

கடைசியாக இன்னொரு கட்டமும் வேண்டும். பல அலுவலகங்களில் இயந்திரம் ‘ஊழியர்களுக்கு மட்டும்’. வாயிற்காவலரும் துப்புரவுப் பணியாளரும் ஒப்பந்த ஆட்களாதலால் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. இயந்திரத்தைத் துடைப்பவர் அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் குடிக்கலாமா, குடிக்கும் அந்தப் பத்து நிமிடம் அவருடைய வேலை நேரத்தில் சேருமா என்று கேட்டு, வரும் விடையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். டென்வர் பெண்களும் கல்கத்தா கான்டீன்காரர்களும் வழக்காடிக் கேட்டவை இவைதாம். நாம் கையொப்பமிடும் முன்பே கேட்டுவிட்டால், இன்னொருவர் அதற்காக நீதிமன்றம் போக வேண்டியிராது.